நாயோடு சேர்ந்து 3 கி.மீ. ரேஸ்: வடசென்னையில் யாராவது ஓடியிருக்கிறீர்களா?

கருப்பிஅப்பா | செப்டம்பர் 7

வணக்கம். தண்டையார்பேட்டைக்காரன், வயது 36, கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. இரண்டு வருடமாக ஓடுகிறேன். பெரிய ஆள் எல்லாம் இல்லை, பத்து கிலோமீட்டரை ஒரு மணி ஐந்து நிமிடத்தில் முடிப்பேன், அவ்வளவுதான்.

மாதவரம் பக்கம் நாய் வளர்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு காலையில் சின்னதாக ஒரு ஓட்டம் வைக்கிறார்கள். ஒரு ஆள், ஒரு நாய், 3 கி.மீ. டி-ஷர்ட், ஸ்பான்சர், மேடை எதுவும் கிடையாது. ஒரு வேகத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் யோசிக்கிறேன்.

என் நாய் பெயர் கருப்பி. நிறம் செம்மண். குட்டியாகக் கிடைத்தபோது உடம்பெல்லாம் தார் ஒட்டியிருந்தது, அம்மா வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. நாட்டு நாய், மூன்று வயது, 17 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது, ஊசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன். மொட்டை மாடியில் காக்கையைத் துரத்தும்போது பார்த்தால் புல்லட் மாதிரி இருக்கும். ஆனால் தெருவில் கயிறு கட்டிக் கூட்டிப் போனால் கம்பத்துக்குக் கம்பம் நின்று வாசம் பிடிக்கும்.

இதை வைத்து 3 கி.மீ. ஓட முடியுமா? எப்படிப் பழக்குவது? காலரில் கயிறு கட்டி ஓடலாமா, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பேச்சு | செப்டம்பர் 7

மனுஷன் நடக்கவே பிளாட்பாரம் இல்லாத ஊரில் நாய்க்கு ரேஸா! இதெல்லாம் பெசன்ட் நகர், அடையாறு ஆட்கள் செய்கிற வேலை தலைவா. நம்ம பக்கம் நாயோடு ஓடினால் திருடன் ஓடுகிறான், நாய் துரத்துகிறது என்றுதான் நினைப்பார்கள்.

சிப்பிப்பாறை_ராஜா | செப்டம்பர் 8

நானும் அந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கொளத்தூர். என்னிடம் இருப்பது அசல் சிப்பிப்பாறை, சாத்தூர் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. முயல் வேட்டை நாய் ஐயா, ரத்தத்திலேயே ஓட்டம். பயிற்சி எல்லாம் தேவையே இல்லை, அவிழ்த்துவிட்டால் போதும். நாட்டு நாயை வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள் நண்பரே. முதல் பரிசு யாருக்கு என்று இப்போதே தெரியும்.

வேப்பேரி_இறுதியாண்டு | செப்டம்பர் 8

ராஜா அண்ணா, சிப்பிப்பாறை வேகமான நாய்தான், மறுக்கவில்லை. ஆனால் அது குறுகிய தூரம் பாய்ந்து பிடித்துவிட்டு இளைப்பாறுகிற உடம்பு. 3 கி.மீ. இழுத்துப் பிடித்து ஓடுவது வேறு வேலை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

கருப்பிஅப்பா அண்ணா, நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்னும் டாக்டர் ஆகவில்லை. உங்கள் நாய்க்கு மூன்று வயது என்பது நல்லது. வளர்ந்து முடியாத குட்டியை ஓட வைத்தால் எலும்பின் வளரும் முனைகள் கெட்டுப்போகும். சின்ன நாய் என்றால் ஒரு வயது, பெரிய சாதி என்றால் ஒன்றரை வயதாவது ஆகட்டும் என்பார்கள். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இந்த ஆசையே வேண்டாம்.

நம் ஊரில் முதல் எதிரி வெக்கை. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது கணக்கிலேயே வராது. மூச்சிரைப்புதான் அதன் விசிறி. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எங்கிருந்து ஆவியாகும்? ஐப்பசியில் கொடியில் போட்ட துணி காயாது இல்லையா, அதே கதை. கடற்கரை ஓரம் காலை ஐந்து மணிக்குக் குளிர்ச்சியாகத் தெரியும், ஈரப்பதம் பார்த்தால் 80 சதவீதம் இருக்கும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட். 106-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. அது வருவதற்கு முன்பே நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்: நுனி கரண்டி மாதிரி அகலமாக விரியும், ஓரம் மேலே சுருளும். ஈறு ரத்தச் சிவப்பாகும், பின்னங்கால் தள்ளாடும். நாக்கு விரிந்ததுமே நிறுத்திவிடுங்கள், தள்ளாடும் வரை காத்திருக்காதீர்கள். உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள், அதற்குப் பிறகுதான் ஆட்டோ தேடுவது. ஈரத் துணியைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

நாட்டு நாய்க்கு வெயில் பழக்கம்தானே என்று யாராவது சொல்வார்கள். மதியம் இரண்டு மணிக்கு எந்தத் தெரு நாய் ஓடிப் பார்த்திருக்கிறீர்கள்? லாரிக்கு அடியில்தானே படுத்திருக்கும்.

ராயபுரம்_டு_லீட்ஸ் | செப்டம்பர் 9

பிறந்தது ராயபுரம், இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ். என் லேப்ரடாரோடு நான்கு வருடமாக ஓடுகிறேன். இதற்கு இங்கே கேனிகிராஸ் என்று பெயர். பனியில் சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத மாதங்களில் உடம்பு விட்டுப்போகாமல் இருக்க, வண்டிக்குப் பதில் மனிதனைக் கட்டி இழுக்க விட்டார்கள். அதுவே தனி விளையாட்டாகிவிட்டது.

காலரில் கட்டி ஓடாதீர்கள். இழுப்பு முழுவதும் மூச்சுக்குழாயில் விழும். நெஞ்சில் ஒய் எழுத்து மாதிரி பட்டை வரும் ஹார்னஸ் வேண்டும், தோள் எலும்பு தடையில்லாமல் அசைய வேண்டும். உங்கள் இடுப்பில் அகலமான பெல்ட், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மீட்டர் கயிறு, அதில் ஒரு பகுதி ரப்பர். நாய் திடீரென்று பாய்ந்தால் உங்கள் முதுகுக்கும் அடி விழாது, அதன் நெஞ்சுக்கும் விழாது.

பைக் கேரியரில் பெட்டி கட்டும் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். என் அண்ணன் மகன் ராயபுரத்தில் அதைத்தான் செய்தான். கொக்கி கழன்று வந்து புருவத்தில் அடித்தது, மூன்று தையல்.

இன்னொன்று, இந்த விளையாட்டில் நாய் உங்களுக்கு முன்னால் ஓட வேண்டும், குறைந்தது பக்கத்திலாவது. பின்னால் வரும் நாயை நீங்கள் இழுத்துக்கொண்டு ஓடினால் போட்டியிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். சென்னையில் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு நாயைக் கயிற்றில் கட்டி ஓடவிடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த விதி ஞாபகம் வரும்.

இங்கே வெப்பம் இருபது டிகிரியை நெருங்கினாலே தூரத்தைக் குறைக்கலாமா, ரத்து செய்யலாமா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். சென்னையில் ஜனவரி மாத விடியற்காலையே அந்த அளவில்தான் இருக்கும். அதாவது உங்கள் குளிர்காலம் எங்கள் எச்சரிக்கைக் கோடு. யோசித்துச் செய்யுங்கள்.

கருப்பிஅப்பா | செப்டம்பர் 21

எல்லோருக்கும் நன்றி. மின்ட் பக்கம் பை தைக்கும் ஒரு தையல்காரரிடம் போனேன். லாரி சரக்கு கட்டும் பட்டையை வைத்து ஹார்னஸ் தைத்துக் கொடுத்தார், உள்பக்கம் பழைய போர்வைத் துணி. நாய்க்கு என்றதும் அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். கருப்பி அவர் கையை நக்கிக்கொண்டே அளவு கொடுத்தது. கயிற்றின் நடுவில் பைக் டியூபை இரண்டடுக்காக மடித்துத் தைத்தார். கொக்கி இல்லை, மலையேறுபவர்கள் மாட்டும் வளையம் இரண்டு.

கட்டளைகள்தான் பெரிய கூத்து. அந்த விளையாட்டில் வலது பக்கத்துக்கு ஜீ, இடது பக்கத்துக்கு ஹா என்பார்களாம். நம் வாயில் வராது. பீச்சாங்கை, சோத்தாங்கை என்று பழக்கினேன். இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் குழம்பியது. சரி, வலது பக்கத்துக்கு ‘சோறு’ என்று சுருக்கினேன். சொன்னவுடன் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறது. தப்பு என் பேரில்தான்.

கடைசியில் பஸ் கண்டக்டர்தான் கைகொடுத்தார். கிளம்ப ‘போலாம் ரைட்’, நிற்க ‘ஹோல்டான்’. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டது. பிரச்சினை என்னவென்றால் டெப்போ பக்கம் ஓடும்போது எந்த வண்டியில் விசில் அடித்து ரைட் சொன்னாலும் இதுவும் பாய்கிறது. திரும்புவதற்கு இப்போதைக்கு நானே சாய்ந்து காட்டுகிறேன்.

இப்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் பதினைந்து நிமிடம்.

எண்ணூர்_செல்வி | செப்டம்பர் 22

அண்ணா, இழையை முழுவதும் படித்தேன். நான் எர்ணாவூர், நர்ஸ் வேலை. என் நாய் டைசன் கிராஸ் பிரீட், 24 கிலோ. ஒன்றரை வருடமாக விடியற்காலையில் அவனோடு ஓடுகிறேன். காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். தனியாக ஓடியபோது பைக்கை மெதுவாக்கி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். டைசன் வந்த பிறகு ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்த இடங்களில் ஓடுவேன். பாதத்துக்கு நல்லது, ஆனால் கண் தரையில் இருக்க வேண்டும். பாட்டில் ஓடு, வலைத் துண்டு, தூண்டில் முள். முள் குத்தினால் நீங்களே பிடுங்காதீர்கள், கொக்கி சதையைக் கிழித்துக்கொண்டு வரும். எல்லாவற்றையும் விட மோசம் பேத்தை மீன். வலையில் சிக்கியதைக் கரையில் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். நாய் தின்றால் நரம்பு செயலற்றுப் போய்விடும், காய்ந்த மீனிலும் விஷம் இருக்கும். டைசனுக்கு ‘விடு’ என்ற ஒரு சொல்லை மட்டும் மூன்று மாதம் பழக்கினேன்.

தார்ச்சாலை என்றால் புறங்கையை ஏழு வினாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும்.

இடுப்பு பெல்ட்டில் சட்டென்று கழற்றும் வசதி கட்டாயம் வேண்டும். போன வருடம் ஒரு பூனையைப் பார்த்து டைசன் பாய்ந்தான். நான் கல் மேல் விழுந்தேன், முழங்காலில் பிளவு, ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் உண்மையான சிக்கலை இன்னும் யாரும் கேட்கவே இல்லையே. தெரு நாய்களை எப்படிக் கடக்கப் போகிறீர்கள்?

பெரம்பூர்_பேச்சு | செப்டம்பர் 22

அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். சோறு போட்டு வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், கடி வாங்குபவர்கள் ஒரு பக்கம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே டெல்லிப் பக்கத் தெரு நாய்களைப் பிடித்து அடை என்றது, பதினொரு நாளில் கருத்தடை செய்து திரும்ப விடு என்று மாற்றியது. இந்தக் குழப்பத்தில் உங்களுக்கு நாய் ரேஸ்.

மட்டுறுத்துநர் | செப்டம்பர் 22

தெரு நாய் வழக்கு, உணவளிப்பது சரியா தவறா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே ஓட்டம் மட்டும். பதினொரு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

மின்ட்_புறாக்காரர் | செப்டம்பர் 24

தம்பி, எனக்கு நாய் தெரியாது. நாற்பது வருடமாகப் புறா விடுகிறேன். உயிரை ஓட வைப்பதும் பறக்க வைப்பதும் ஒரே வேலைதான் என்று நினைத்து எழுதுகிறேன், தப்பு இருந்தால் டாக்டர் பொண்ணு திருத்தட்டும்.

ஹோமர் புறாவை எடுத்தவுடன் நூறு கிலோமீட்டரில் விட மாட்டோம். முதலில் கூண்டைச் சுற்றிப் பறக்க வேண்டும். அப்புறம் இரண்டு கிலோமீட்டர், ஐந்து, பத்து. ஒரு தடவை தாமதமாக வந்தால் அடுத்த தடவை தூரத்தைக் கூட்ட மாட்டோம், அதே இடத்தில் மறுபடி விடுவோம். நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கிறவன் பாதிப் புறாக்காரன். வந்து இறங்கியதும் அது தண்ணீருக்குப் போகிறதா, தீனிக்குப் போகிறதா, மூலையில் போய் உட்காருகிறதா என்று பார்க்கிறவன்தான் முழு ஆள்.

உங்கள் நாய் ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து என்ன செய்கிறது? அதை எழுதவே இல்லையே.

பந்தயத்துக்கு முன்னால் தீனி கிடையாது. நாய்க்கும் அப்படித்தானா?

வேப்பேரி_இறுதியாண்டு | செப்டம்பர் 24

அப்படியேதான் ஐயா. ஓடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து சோறு வேண்டாம், முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு, ராஜா அண்ணா உங்களுக்கும்தான், வயிறு நிறைந்த நிலையில் ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. ஓட்டக்காரர்கள் சாப்பிடும் ஜெல் மிட்டாயை நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம், சிலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம்.

கருப்பிஅப்பா | அக்டோபர் 12

செல்வி கேட்ட கேள்விக்குப் பதில். மூன்று வாரம் ஆயிற்று.

வீட்டிலிருந்து அகஸ்தியா பஸ் ஸ்டாப் தாண்டி ஒரு சுற்று வந்தால் 2.2 கி.மீ. என் போனில் அது ஒரே கோடு. கருப்பிக்கு அது ஐந்து நாடு. இட்லிக் கடை வாசல் வரை ஒரு கூட்டம், டிரான்ஸ்பார்மரிலிருந்து ரேஷன் கடை வரை ஒன்று, லாரிகள் நிற்கும் இடத்தில் ஏழு நாய், பள்ளிச் சுவர் ஓரம் வயதான இரண்டு, அப்புறம் எங்கள் தெரு. எல்லைக் கோடு எங்கே என்று எனக்குத் தெரியாது. கருப்பிக்குத் தெரியும். அங்கே வந்தால் காது பின்னால் போகும்.

முதல் வாரம் முட்டாள்தனமாக ஓடியே கடக்கப் பார்த்தேன். ஓடினால் துரத்தும், அது நாய்க்குப் பிறந்த புத்தி. ஏழும் சுற்றிக்கொண்டன. அங்கே தினமும் நாய்களுக்குச் சோறு வைக்கும் மீன்காரப் பாட்டி ஒருவர் வந்து ஒரு அதட்டல் போட்டதும் உட்கார்ந்தன. என்னைத்தான் திட்டினார். “அதுங்க வீட்டுக்குள்ள செருப்போட ஓடுற மாதிரி ஓடுறியே நைனா. நடந்து போ, மூஞ்சியக் காட்டு.”

அதிலிருந்து எல்லைக்குப் பத்தடி முன்பே ஹோல்டான். நடை. கருப்பி நிற்கும். அந்தக் கூட்டத்தில் பெரியது, காதில் கருத்தடை வெட்டு உள்ள ஒரு வெள்ளை நாய், வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். ஆன பிறகு போலாம் ரைட். ஆரம்பத்தில் ஒவ்வொரு எல்லையிலும் மூன்று நிமிடம் ஆனது. இப்போது வெள்ளை படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. இரண்டு நாள் அதன் எல்லை முடியும் வரை எங்களோடு ஓடியும் வந்தது, ரேஷன் கடை வாசலில் கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டது.

புறாக்காரர் ஐயா கேட்டதற்கு: வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவின் புடவை மேல் போய்ப் படுத்துக்கொள்கிறது. அரை மணியில் எழுந்துவிடும்.

எண்ணூர்_செல்வி | அக்டோபர் 12

பாட்டி சொன்னதுதான் சட்டம். அப்புறம் கடி எதுவும் பட்டால், லேசான கீறலாக இருந்தாலும், உங்களுக்கு என்றால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். கருப்பிக்குப் பட்டாலும், ஏற்கெனவே போட்டிருக்கிறதே என்று விட்டுவிடாமல் உடனே மறு ஊசி.

கருப்பிஅப்பா | நவம்பர் 2

கொஞ்சம் மனசு சரியில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டு வாரமாகக் கருப்பி பின்தங்கியது. 2 கி.மீ. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, முதல் 500 மீட்டரிலேயே பின்னால் வர ஆரம்பித்தது. மழைக்குச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒருநாள் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். “ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கேன், மானத்த வாங்காதே” என்று நடுத்தெருவில் கத்தினேன். அது வாலை ஆட்டிக்கொண்டு நாலடி ஓடிவிட்டு மறுபடி நின்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தண்ணீருக்கும் போகவில்லை, புடவைக்கும் போகவில்லை. வாஷிங் மெஷின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. புறாக்காரர் ஐயா எழுதிய மூலை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். 104 காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் பாதியாகிவிட்டன. அது காய்ச்சலோடு எனக்காக ஓடியிருக்கிறது.

வேப்பேரி_இறுதியாண்டு | நவம்பர் 2

அண்ணா, முதலில் ஒன்று. நீங்கள் கூட்டிப் போய்விட்டீர்கள். பலர் மூக்கில் ரத்தம் வரும் வரை கொண்டுவருவதில்லை.

டாக்ஸிசைக்ளின் கொடுத்திருப்பார்கள், பொதுவாக 28 நாள். நான்காவது நாளே துள்ள ஆரம்பிக்கும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சோற்றோடு கொடுங்கள். அதுவரை ஓட்டம் கிடையாது, நடை மட்டும். இந்த வகை உண்ணி நாய் மேல் மட்டும் இருக்காது, சுவர் விரிசலிலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும், வீட்டுக்கும் மருந்து அடியுங்கள். ஓடிவிட்டு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள்.

மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும்.

பெரம்பூர்_பேச்சு | நவம்பர் 2

கிண்டல் செய்துகொண்டிருந்தேன், இதற்குச் செய்ய மாட்டேன். கருப்பி எப்படி இருக்கிறது என்று தினம் ஒரு வரி போடுங்கள் தலைவா.

மின்ட்_புறாக்காரர் | நவம்பர் 3

என் முதல் ஜோடியை நான் இப்படித்தான் இழந்தேன் தம்பி. சளி பிடித்த பறவையைச் சோம்பேறி என்று நினைத்து விட்டேன். திரும்பவில்லை. உங்களுடையது வாஷிங் மெஷின் பின்னால்தானே இருக்கிறது.

ராயபுரம்_டு_லீட்ஸ் | நவம்பர் 15

கருப்பி தேறி வருவதாகப் படித்தேன். சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2016 ஜனவரியில் அமெரிக்காவில் அலபாமா மாநிலம் எல்க்மாண்ட் என்ற சின்ன ஊரில் ஒரு அரை மாரத்தான். லுடிவைன் என்ற பிளட்ஹவுண்ட் நாயை அதன் வீட்டம்மா காலையில் சிறுநீர் கழிக்க வெளியே விட்டார். அது நேராகப் போய் ஸ்டார்ட் கோட்டில் நின்று மற்றவர்களோடு ஓட ஆரம்பித்துவிட்டது. வழியில் செத்த முயலை முகர்ந்து பார்த்தது, வயலில் மாடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அப்படியும் 21 கி.மீ.யை 1 மணி 32 நிமிடம் 56 வினாடியில் ஓடி ஏழாவதாக வந்தது. கழுத்தில் மெடல் போட்டார்கள். வீட்டம்மாவுக்கு விஷயமே பிறகுதான் தெரியும்.

சிப்பிப்பாறை_ராஜா | நவம்பர் 15

பார்த்தீர்களா, பயிற்சியே இல்லாமல் ஏழாவது!

வேப்பேரி_இறுதியாண்டு | நவம்பர் 15

அலபாமாவில் ஜனவரி அண்ணா. கொளத்தூர் இல்லை. அதுவும் அது தானாக ஓடியது, நிற்க நினைத்தபோது நின்றது. இடுப்பில் யாரும் கட்டியிருக்கவில்லை.

கருப்பிஅப்பா | டிசம்பர் 21

மாத்திரை முடிந்து, மறுபடி ரத்தம் பார்த்து, தட்டணு சரியாகி, டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடையிலிருந்து தொடங்கியிருக்கிறோம். மாதவரம் ஆட்களிடம், நாங்கள் வருவோம், ஆனால் பாதியில் நின்றாலும் நிற்போம் என்று சொல்லிவிட்டேன். மாநகராட்சி உரிமமும் ஊசிச் சீட்டும் கொண்டுவர வேண்டும் என்றார்கள், நல்ல விஷயம்.

இரண்டு மாதம் கழித்து வெள்ளை எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தது. கருப்பி உருண்டு வயிற்றைக் காட்டியது. இரண்டு நிமிடம் வீண். ஹோல்டான், ரைட் எதுவும் அங்கே எடுபடவில்லை.

கருப்பிஅப்பா | ஜனவரி, ஓட்டம் முடிந்த அன்று மதியம்

முடிந்தது. விரிவாக எழுதச் சொல்லி மூன்று பேர் தனிமடல் அனுப்பியிருக்கிறீர்கள்.

காலை 6.15-க்கு ஆரம்பம். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் மரம் அடர்ந்த சாலை, லாரித் தொல்லை இல்லை, லேசான பனி. மொத்தம் பத்தொன்பது நாய்கள். லேப்கள்தான் அதிகம், இரண்டு ஜெர்மன் ஷெப்பர்ட், ஒரு ராஜபாளையம், ராஜா அண்ணனின் சிப்பிப்பாறை, நாட்டு நாய் நான்கு. ஒரு பக்கும் வந்திருந்தது, அதை 300 மீட்டர் நடக்கவிட்டு ஒரு கைதட்டல் கொடுத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பழைய ஆவின் கவர், எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. 15 வினாடி இடைவெளியில் ஒவ்வொரு ஜோடியாக அனுப்பினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து விட்டால் யுத்தம் நடந்திருக்கும்.

சிப்பிப்பாறை கிளம்பியதைக் கண்ணால் பார்த்தது உண்மை. அதன் பிறகு பார்க்கவில்லை. 1.3 கி.மீ.யில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் படுத்திருந்தது, ராஜா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரை வயிற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது, அவரே வந்து எழுதுவார்.

கருப்பி முதல் ஒன்றரை கிலோமீட்டர் என்னை இழுத்துக்கொண்டு போனது. ஹார்னஸ் இறுக்கமாக, கயிறு நேராக. இந்த ஐந்து மாதத்தில் அப்படி ஓடியதே இல்லை. ஒரு லேப், ஒரு ஷெப்பர்ட் இரண்டையும் தாண்டினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

1.8 கி.மீ. வளைவில் டக்கென்று நின்றது.

பயந்துவிட்டேன். குனிந்து நாக்கைப் பார்த்தேன், விரியவில்லை. ஈறு சரி. கால் சரி. காதைப் பார்த்தேன், பின்னால் போயிருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பால் பூத் வாசலில் நான்கு நாய்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தன. அந்தத் தெருக்காரர்கள். எனக்குத் தெரியாத எல்லைக்குக் கருப்பி எனக்கு முன்பே ஹோல்டான் போட்டுவிட்டது.

கயிற்றைத் தளர்த்தி நின்றேன். பின்னால் நாங்கள் தாண்டிய லேப் கடந்து போனது, ஷெப்பர்ட் கடந்து போனது. அந்த அண்ணன் “என்ன ஆச்சு, விட்டுட்டீங்களா” என்று கேட்டுக்கொண்டே ஓடினார். நான்கில் ஒரு கிழட்டு நாய் மெதுவாக வந்து கருப்பியின் மூக்கையும் பின்பக்கத்தையும் முகர்ந்தது, என் ஷூவையும் விடவில்லை. பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பூத்தில் பால் எடுக்க வந்த ஒருவர் “ரைட்டு, போலாம்” என்றார், யாரிடம் சொன்னாரோ தெரியாது. கருப்பி பாய்ந்தது.

அடுத்த வளைவில் போனால் ஷெப்பர்டை வேறு ஐந்து நாய்கள் சுற்றி நின்று குரைக்கின்றன, அந்த அண்ணன் பெல்ட்டைக் கழற்ற முடியாமல் தவிக்கிறார். நாங்கள் நடந்தோம், மூஞ்சியைக் காட்டினோம், அவரையும் கூட்டிக்கொண்டு கடந்தோம். மேல் கையில் பல் படாத ஒரு சிராய்ப்பு, சுவரில் உரசியது.

நேரம் 25 நிமிடம் 50 வினாடி. பத்தொன்பதில் பதினொன்றாவது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர், அப்புறம் புடவை. அம்மா தயிர்சாதத்தை ஒரு மணி நேரம் கழித்துத்தான் வைத்தார், கடிகாரம் பார்த்து.

மின்ட்_புறாக்காரர் | ஜனவரி

புடவைக்குப் போனதா. நல்லது.

சிப்பிப்பாறை_ராஜா | ஜனவரி

ஆமாம், படுத்துவிட்டது. முதல் 400 மீட்டரை யாரும் மறந்துவிட வேண்டாம். அடுத்த வருடத்துக்கு இப்போதே நடையிலிருந்து தொடங்குகிறேன். தங்கச்சி, அந்த ஒரு நிமிடம், இரண்டு நிமிடக் கணக்கு என் நாய்க்கும் அதேதானா?

வேப்பேரி_இறுதியாண்டு | ஜனவரி

அதேதான் அண்ணா. பங்குனி வந்ததும் நிறுத்திவிட்டு ஐப்பசிக்குப் பிறகு மறுபடி. அதுவரை நடை.

பெரம்பூர்_பேச்சு | ஜனவரி

தலைவா, ஒரு சந்தேகம். கேட்பது எனக்காக இல்லை, பக்கத்து வீட்டில் ஒரு குட்டி வந்திருக்கிறது. அந்தத் தையல்காரர் கடை மின்டில் எந்தப் பக்கம்?

கருப்பிஅப்பா | ஜனவரி

மேம்பாலத்துக்குக் கீழே, பள்ளிப் பை தொங்கும் கடை. ஞாயிறு லீவு. குட்டிக்கு இப்போது தைக்காதீர்கள், மூன்று மாதத்தில் பத்தாமல் போய்விடும்.

பெரம்பூர்_பேச்சு | ஜனவரி

பக்கத்து வீட்டுக் குட்டி என்றேனே.